தினமும் வேர்க்க விறுவிறுக்க மிதித்தும் கால் ஏன் கனக்கிறது?

வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 38. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மாறி மாறி மூன்று ஷிப்ட் வேலை. நான்கு மாதத்துக்கு முன் ஸ்பின் பைக் (நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள்) வாங்கி வீட்டில் போட்டார். அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் 45 நிமிடம், வீடியோவில் வரும் பயிற்சியாளர் சொல்கிறபடி, லோடைக் கூட்டும் டயலைத் திருகித் திருகி மிதிக்கிறார். முதல் இரண்டு மாதத்தில் 4 கிலோ குறைந்தது, மூச்சு வாங்குவதும் குறைந்தது. இப்போது ஒன்றரை மாதமாக எடை நின்ற இடத்திலேயே நிற்கிறது. மாடிப்படி ஏறினால் தொடை கனக்கிறது. நடுராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. முன்பு சுலபமாக ஓட்டிய லோடில் இப்போது முடியவில்லை. "வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு எடுக்கணும்? ஓய்வு எடுத்தா ஏறின ஸ்டாமினா இறங்கிடாதா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

எத்தனை நாள் என்பதற்கு ஓர் எண் சொல்வது சுலபம், கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தபோது, நீங்கள் கேட்க வந்தது வேறு என்று பட்டது. இவ்வளவு உழைத்தும் உடம்பு ஏன் பின்னால் போகிறது என்பதுதான் உங்கள் கவலை. அதற்கு என் பதில் இது: உங்களுடைய ஏழு நாளும் ஒரே மாதிரி இருக்கிறது. கடினமான நாள் என்று நீங்கள் நினைப்பது, முந்தின நாள் அசதியோடு ஏறுவதால் போதுமான அளவு கடினமாக இல்லை. லேசான நாள் என்று ஒன்று உங்கள் வாரத்தில் கிடையவே கிடையாது. இந்த நடுவாந்தரத்தில் மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெளியே வருவது கஷ்டமில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். கொழிஞ்சாம்பாறை பக்கம் 17 வருடமாகச் சிகிச்சை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் நம் எல்லையோரத் தமிழ் ஆட்கள்தான்: தென்னந்தோப்புக்காரர்கள், லாரி ஓட்டுபவர்கள், உங்களைப் போலக் கஞ்சிக்கோட்டுக்கு ஷிப்ட் போகிறவர்கள். நானும் விடியற்காலையில் கோபாலபுரம் ரோட்டில் சைக்கிள் ஓட்டுகிறவன், மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் மிதிக்கிறவன். தசை, மூட்டு, பயிற்சி இவற்றைப் பற்றி உறுதியோடு பேசுவேன். நான் இதய மருத்துவர் அல்ல, உங்கள் முழங்காலைத் தொட்டுப் பார்த்ததும் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் எந்தச் சந்தேகமும் இல்லாத விஷயம். மிதிக்கும் 45 நிமிடத்தில் உடம்பு பலம் பெறுவதில்லை, தேய்கிறது. தொடைத் தசையில் சேமித்து வைத்த மாவுச்சத்து கரைகிறது, வேர்வையோடு ரத்தத்தின் நீர் குறைகிறது, தசை நார்களில் சின்னச் சின்னச் சேதம் ஆகிறது. பிறகு சாப்பிட்டு, தூங்கி, ஒரு நாள் இரண்டு நாள் போகும்போதுதான் உடம்பு அதையெல்லாம் சரிசெய்து, அடுத்த முறைக்கு என்று கொஞ்சம் கூடுதலாகக் கட்டிவைக்கிறது. நாம் ஸ்டாமினா என்று சொல்வது அந்தக் கூடுதல்தான். நன்றாகக் கரைந்த மாவுச்சத்து மறுபடி நிரம்பவே, சோறு போதுமான அளவு சாப்பிட்டாலும், ஒரு நாள் முழுக்க ஆகும். கட்டி முடிப்பதற்குள் மறுபடி இடித்தால் சுவர் எழும்பாது. முதல் இரண்டு மாதம் உங்களுக்கு எழும்பியது ஏன் என்றால், அப்போது உங்களால் அவ்வளவு பலமாக இடிக்கவே முடியவில்லை. இப்போது முடிகிறது, அதனால் ஆறுவதற்கும் அதிக நேரம் வேண்டும்.

சைக்கிளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஓடினாலோ மலையிறங்கினாலோ தசை நீண்டுகொண்டே சுமை தாங்குகிறது. மறுநாள் கால் பிடித்துக்கொண்டு, உட்கார எழ முடியாமல் படுத்தும், அதனால் நாமே ஓய்வு எடுத்துவிடுகிறோம். பெடல் மிதிப்பதில் தசை பெரும்பாலும் சுருங்கி மட்டுமே வேலை செய்கிறது. எனவே அந்த வலி அவ்வளவாக வருவதில்லை. வலி இல்லையே, நாளைக்கும் ஏறலாம் என்று தோன்றும். உள்ளே அசதி மட்டும் சேர்ந்துகொண்டே போகும். வலிக்கு முன்னால் வருவது கனம். படியில் தொடை கனக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

இன்னொன்று, வீட்டுக்குள் மிதிக்கும் 45 நிமிடம் ரோட்டில் ஓட்டும் 45 நிமிடத்துக்குச் சமம் அல்ல. ரோட்டில் இறக்கம் வரும், சிக்னல் வரும், முன்னால் பஸ் நிற்கும், பத்து செகண்டாவது கால் சும்மா இருக்கும். ஸ்பின் பைக்கில் பெரிய சக்கரம் பெடலோடு நேராகப் பிணைக்கப்பட்டிருப்பதால் கால் நின்றாலும் சக்கரம் காலை இழுத்துக்கொண்டு போகும். (வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், ஓடும்போது அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் விடாதீர்கள். அவசரமாக நிறுத்த, பெரும்பாலான பைக்குகளில் டயலையே அழுத்தினால் பிரேக் பிடிக்கும்.) நின்று நிதானிக்க இடமே இல்லாத 45 நிமிடம் அது.

அப்புறம் சூடு. இதை விளக்க ஒரு டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எருத்தேம்பதி பக்கம், 46 வயது, முழங்கால் வலி என்று வந்தார். தினமும் சைக்கிள் மிதிக்கிறேன் என்றதும், ஒரு நாள் சாயந்தரம் நானே போய்ப் பார்த்தேன். சமையலறையை ஒட்டிய சின்ன அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கொசுவுக்குப் பயந்து ஜன்னல் சாத்தியிருந்தது. ஹேண்டில் பாரில் வேர்வை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சுவரில் தினசரிக் காலண்டருக்குப் பதிலாக ஒரு மாதக் காலண்டர். அதில் ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு மையில் ஒரு டிக். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு கட்டம் கூடக் காலி இல்லை. காய்ச்சல் அடித்த நாளிலும் டிக் இருந்தது. "ஒரு நாள் விட்டா அப்படியே விட்டுருவேனோன்னு பயமா இருக்குங்க" என்றார். அந்த பயம் எனக்குப் புரிந்தது. அதைக் கேலி செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

அவரை ஏறச் சொல்லி, லேசான லோடில் பதினைந்து நிமிடம் மிதிக்க வைத்தேன். லோடை மாற்றவே இல்லை, ஆனால் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போனது. பிறகு ஹாலில் இருந்த பெடஸ்டல் ஃபேனைக் கொண்டுவந்து நேராக நெஞ்சுக்கு வைத்து, ஜன்னலைத் திறந்து, அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி ஏற்றினேன். அதே லோடு, அதே வேகம், பத்துத் துடிப்புக்கு மேல் குறைவு. ஒன்றும் மாயமில்லை. வேர்வை வழிவதால் உடம்பு குளிராது, வேர்வை காய்ந்தால்தான் குளிரும். ரோட்டில் மணிக்கு 25 கிலோமீட்டரில் போனால் அந்தக் காற்று நம்மீது அடித்துக் காய வைக்கிறது. மூடிய அறையில் காற்றில்லை. அப்போது உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, காலுக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது, வேர்வையில் ரத்தத்தின் அளவும் குறைகிறது. இதயம் வேகமாக அடித்துத்தான் சமாளிக்க முடியும். நீங்கள் லோடு கூட்டாமலே உடம்புக்கு லோடு கூடிவிடுகிறது. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதிரி மாதத்தில் சாயந்தரம் ஏழு மணிக்குக் கூட கான்கிரீட் கூரை அனலைக் கக்கும். ஆடி மாதத்தில் சூடு குறைவுதான், ஆனால் ஈரக்காற்றில் வேர்வை காயாது. ஆகவே நம் ஊரில் ஃபேன் இல்லாமல் மிதிக்கிற லேசான நாள், லேசான நாளே அல்ல.

சரி, எது லேசு, எது கடினம்? இதை மெஷினின் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம்பகமான அளவுகோல் உங்கள் வாய். மிதித்துக்கொண்டே வீட்டுக்காரம்மாவிடம் இன்று நடந்ததை முழு முழு வாக்கியமாகச் சொல்ல முடிந்தால் லேசு. ஓரிரு வார்த்தை சொல்லி மூச்சு இழுத்தால் நடுவாந்தரம். "ம்" மட்டும் சொல்ல முடிந்தால் கடினம். இதையே எண்ணாக்க வேண்டுமானால், சும்மா இருப்பது 0, இதற்குமேல் முடியவே முடியாது என்பது 10 என்று மனதுக்குள் மதிப்பெண் போடுங்கள். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் என்ற உளவியலாளர் உண்டாக்கிய முறை அது. லேசு என்றால் 2, 3. கடினம் என்றால் 8, 9.

நாடித்துடிப்பு கைக்கடிகாரம் இருந்தால் உதவும், ஆனால் அதில் ஒரு எச்சரிக்கை. உச்சத் துடிப்பு 220 கழித்தல் வயது என்பார்கள், உங்களுக்கு 182 வரும். 2001-இல் டனாகா குழு வெளியிட்ட இன்னொரு கணக்கு, 208-இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிப்பது, 181 வரும். இரண்டும் ஒத்துப்போவதால் உங்கள் உச்சம் 181 என்று ஆகிவிடாது. அது பல பேரின் சராசரி. தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது சாதாரணம். லேசான நாளில் 125-135க்குள் இருங்கள் என்று தோராயமாகச் சொல்வேன், ஆனால் 130-இல் பேச முடியவில்லை என்றால் வாய் சொல்வதைக் கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தத் துடிப்புக் கணக்கு பொருந்தவே பொருந்தாது.

இப்போது, ஏன் நாட்களைப் பிரிக்கச் சொல்கிறேன் என்பதற்கு ஆதாரம். நார்வேயில் பணிபுரியும் ஸ்டீஃபன் செய்லர் என்ற ஆய்வாளர், உலகத் தரப் படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், சைக்கிள் வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். பத்தில் எட்டுப் பயிற்சி லேசானது, இரண்டே கடினமானது என்று வந்தது. அவ்வளவு பெரிய வீரர்கள் பெரும்பாலான நாள் பேசிக்கொண்டே ஓட்டுகிறார்கள். அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். கோச் லேசு என்று சொன்ன நாளில் வீரர்கள் அதைவிடக் கடினமாகச் செய்கிறார்கள், கோச் கடினம் என்று சொன்ன நாளில் அதைவிட லேசாகச் செய்கிறார்கள். கோச் பக்கத்தில் இருக்கும்போதே அப்படியென்றால், தனியாக அறையில் மிதிக்கும் நமக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் இதில் எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கடினத்தையும் லேசையும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும் என்பது உறுதி. எண்பதுக்கு இருபது என்ற விகிதம் உங்களுக்கும் அப்படியே பொருந்துமா என்பது உறுதியில்லை. அந்த வீரர்கள் வாரத்துக்கு 15, 20 மணி நேரம் பயிற்சி செய்கிறவர்கள். வாரம் மூன்று நான்கு மணி நேரம் செய்கிறவர்கள் நடுவாந்தரத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தாலும் நன்றாக முன்னேறுகிறார்கள் என்று காட்டும் ஆய்வுகளும் உண்டு. எனவே விகிதத்தை வேதமாக எடுக்காதீர்கள். என் அனுபவத்தில், வேலைக்குப் போகிற நாற்பதை ஒட்டிய ஆளுக்கு வாரத்தில் இரண்டு கடினமான நாள் போதும். மூன்றாவதைச் சேர்த்தவர்களில் பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் என்னிடமே வந்து நின்றார்கள்.

உங்களுக்கு நான் போடுகிற வாரம் இப்படி இருக்கும். செவ்வாயும் சனியும் கடினம். திங்கள், புதன், வெள்ளி முப்பது முதல் நாற்பது நிமிடம் மிக லேசு. வியாழனும் ஞாயிறும் பைக்கின் பக்கமே போக வேண்டாம். வியாழனன்று கைகால் வலுவுக்கு இருபது நிமிடம் உட்கார்ந்து எழும் பயிற்சி, தண்டால் செய்யலாம், ஞாயிறு முழு ஓய்வு. கிழமை முக்கியமில்லை, இரண்டு கடின நாளுக்கு நடுவில் 48 மணி நேரமாவது இருப்பதுதான் முக்கியம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது அதில் பாதி நேரம் கடின உழைப்பு, கூடவே இரண்டு நாள் தசை வலுப்பயிற்சி என்கிறது. இந்த வாரத்தில் மிதிக்கும் உழைப்பில் நீங்கள் எதையும் இழக்கவில்லை, வலுப்பயிற்சிதான் ஒரு நாள் குறைகிறது.

கடினமான நாள் என்றால் உண்மையிலேயே கடினமாக இருக்க வேண்டும். பத்து நிமிடம் டயலை லூஸாக விட்டுச் சூடேற்றுங்கள். பிறகு நான்கு நிமிடம், முடிவில் "ம்" மட்டும் வரும் அளவுக்கு. பிறகு மூன்று நிமிடம் லூஸாக. இப்படி நான்கு முறை. நான்காவது முடிந்ததும் அந்த மூன்று நிமிடத்துக்குப் பதிலாகப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். நார்வேயின் ட்ரோன்ட்ஹெய்மில் ஹெல்கெரூட் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில் ஆரோக்கியமான ஆண்களை ஓடவைத்துச் சோதித்த முறை இது, உச்சத் துடிப்பில் 90 முதல் 95 சதவீதம் வரை ஏற்றினார்கள். எட்டு வாரத்தில் அவர்களுடைய ஆக்சிஜன் எடுக்கும் திறன், மிதமாக ஓடியவர்களைவிட அதிகமாகக் கூடியது. முதல் நான்கு நிமிடத்தில் பாய்ந்துவிடாதீர்கள். நான்காவதையும் முதலாவதைப் போலவே முடிக்க முடிகிற லோடுதான் சரியான லோடு. முதல் இரண்டு வாரம் மூன்று முறை போதும். பெடலைச் சுற்றுவது நிமிடத்துக்கு 80-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டயலை இறுக்கி அறுபதில் அழுத்தி அழுத்தி மிதிப்பதுதான் முழங்காலைத் தின்கிறது.

வீடியோக்களில் அடிக்கடி வரும் டபாட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. 20 செகண்ட் மிதி, 10 செகண்ட் நிறுத்து, ஏழெட்டு முறை. ஜப்பானின் இசுமி டபாட்டா 1996-இல் வெளியிட்ட ஆய்வு அது, நிஜமாகவே சைக்கிள் எர்கோமீட்டரில், அதாவது லோடை அளந்து வைக்கும் ஆய்வுக்கூட சைக்கிளில் செய்ததுதான். ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் உடற்கல்வி படித்த இளைஞர்கள். எட்டாவது முறையோடு முற்றிலும் ஓய்ந்துபோகும் அளவுக்கு லோடு வைத்தார்கள், மொத்தம் நான்கு நிமிடம்தான். அதே 20-10 ஐ அரை மணி நேரம் இழுத்து டபாட்டா என்று பெயர் வைத்தால் அது டபாட்டா அல்ல, அதுவும் ஒரு நடுவாந்தரம்தான். 38 வயதில் இரவு ஷிப்ட் முடித்து வந்து செய்யும் காரியமும் அல்ல.

லேசான நாளில் உங்களுக்கு வரப்போகும் தொல்லை வேறு. வேர்க்கவில்லையே, வீணாகிறதே என்று கை தானாக டயலுக்குப் போகும். அந்த நாளில் வீடியோ போடாதீர்கள், பாட்டுக் கேளுங்கள், பழைய நண்பருக்கு போன் போட்டுப் பேசிக்கொண்டே மிதியுங்கள். பேச்சு தடைப்பட்டால் லோடு அதிகம் என்று அர்த்தம். அந்த டீச்சர் தன் அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டுவிட்டுத்தான் மிதிப்பார். காலண்டரில் லேசான நாளுக்குப் பச்சை மையில் டிக், ஓய்வு நாளுக்கு நீல மையில் டிக் என்று மாற்றிக்கொடுத்தேன். ஓய்வுக்கும் ஒரு டிக் கிடைத்ததும் அவருடைய பயம் போய்விட்டது. சீட்டையும் உயர்த்தினோம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

மொத்தச் சுமையைக் கணக்கிட ஃபாஸ்டர் ஒரு எளிய வழி தந்திருக்கிறார். மிதித்த நிமிடத்தை அந்த நாளின் மதிப்பெண்ணால் பெருக்குங்கள். இப்போது நீங்கள் 45 நிமிடம், 7 மதிப்பெண் என்று வைத்தால் நாளுக்கு 315, வாரத்துக்கு 2205. நான் சொன்ன வாரத்தில் கடின நாள் இரண்டும் 45 நிமிடம், 8 மதிப்பெண், மொத்தம் 720. லேசான நாள் மூன்றும் 40 நிமிடம், 3 மதிப்பெண், மொத்தம் 360. ஆக 1080, உங்கள் இப்போதைய சுமையில் பாதிக்கும் குறைவு. ஃபாஸ்டர் இன்னொன்றும் கவனித்தார்: மொத்தச் சுமை மட்டுமல்ல, நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக இருப்பதும் சளி, காய்ச்சல் அடிக்கடி வருவதோடு சேர்ந்து வருகிறது என்று. உங்கள் நான்கு மாதத்தில் ஏற்ற இறக்கமே இல்லை. மூன்று வாரம் கூட்டி நான்காவது வாரம் குறைப்பது என்ற வழக்கம் கோச்களிடம் உண்டு. அதற்கு ஆய்வு ஆதாரம் குறைவு, வழக்கத்தின் பலம்தான் அதிகம். ஆனால் உங்களுக்கு அது இயல்பாகவே அமையும், ஏனென்றால் இரவு ஷிப்ட் வாரத்தை லேசான வாரமாக வைத்துக்கொள்ளலாம்.

இரவு ஷிப்டையும் சுமையில் சேர்க்க வேண்டும், இதை அழுத்திச் சொல்கிறேன். பயிற்சியின் அசதியை ஆற்றும் மருந்துகளில் தூக்கத்துக்கு நிகராக எதுவும் கிடையாது. பவுடரும் இல்லை, மசாஜும் இல்லை. பகலில் ஐந்து மணி நேரம் அரைகுறையாகத் தூங்கி எழுந்து நான்கு நிமிட மிதியைச் செய்தால் அது பயிற்சி அல்ல, கடன். அந்த வாரம் லேசான மிதி மட்டும், அதுவும் தூங்கி எழுந்த பிறகு. மற்ற வாரங்களில் இரவு ஒன்பது மணிக்கு மிதித்தால் தூக்கம் கெடுமா என்றால், லேசான மிதி பெரும்பாலோருக்குக் கெடுப்பதில்லை. படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியும் கடின மிதி கெடுக்கும். உங்கள் இரண்டு மணி விழிப்புக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காலையில் எழுந்ததும், கட்டிலை விட்டு இறங்கும் முன், ஒரு நிமிடம் நாடி பார்த்து எழுதிவையுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். அதைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், கடின நாளை லேசாக்குங்கள். ஒரே ஒரு நாள் கூடினால் பயப்பட வேண்டாம். முந்தின இரவின் புழுக்கம், தண்ணீர் குறைவு, மது, வரப்போகும் காய்ச்சல் எதுவும் அதைக் கூட்டும். உடம்பு எவ்வளவு ஆறியது என்று கடிகாரங்கள் காட்டும் ரெகவரி மதிப்பெண்ணை நான் பாதி மட்டும் நம்புகிறேன். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த சோதனை, பத்து நிமிட வார்ம் அப். அது முடியும்போதும் கால் கனமாகவே இருந்தால் அன்று கடினப் பயிற்சி இல்லை. இறங்கிவிடலாம், அல்லது அப்படியே லேசாக அரை மணி நேரம் ஓட்டலாம்.

சாப்பாட்டில் உங்களுக்குச் சோறு குறைவாக இருக்காது என்று நினைக்கிறேன், எடை குறைக்க நீங்களாகவே நிறுத்தியிருந்தால் தவிர. கடின நாளில் சோற்றை நிறுத்தாதீர்கள், முதல் நாள் இரவும் அன்றும் வயிறாரச் சாப்பிடுங்கள். நம் வீட்டுச் சாப்பாட்டில் குறைவது புரதம். உடற்பயிற்சி செய்கிறவருக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. கொண்டைக்கடலை, பயறு, மீன், தயிர் என்று மூன்று வேளையிலும் ஏதாவது ஒன்று வரட்டும். தண்ணீருக்கு, மிதிக்கும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை. அதைக் கொழுப்பு கரைந்தது என்று எண்ணி மகிழாதீர்கள். அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் உப்புப் போட்ட மோரோ கஞ்சித்தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து ஈடு செய்யுங்கள். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஒரே மூச்சில் குடிப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். மெஷின் காட்டும் கலோரி எண்ணை எடைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், உங்கள் எடையைக் கூடக் கேட்காத மெஷின் அதை ஊகித்துத்தான் போடுகிறது.

உங்கள் இரண்டாவது கேள்வி, ஸ்டாமினா இறங்குமா? இரண்டு மூன்று நாள் ஓய்வில் இறங்காது, பெரும்பாலும் ஏறும். முழுக்க நிறுத்தினால் இரண்டு வாரத்தை ஒட்டி இறக்கம் தெரியும், அதுவும் மறுபடி தொடங்கினால் சீக்கிரம் திரும்பிவிடும். முதல் இரண்டு மாதத்தில் நீங்கள் சம்பாதித்தது எங்கும் போகவில்லை, அசதியின் அடியில் மூடிக் கிடக்கிறது.

முழங்கால் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சீட்டை ஒரு முறை பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்தால் முட்டிக்கு முன்னால் வலிக்கும், டீச்சருக்கு அதுதான். மிக உயர்ந்தால் பின்னால் வலிக்கும்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் என் பதிலைப் படித்துக்கொண்டு உட்காராதீர்கள். மிதிக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம், துடிப்பு தாறுமாறாக அடிப்பது, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கடினமாக மிதித்த அடுத்த ஒன்றிரண்டு நாளில் தொடை வீங்கி, சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போனாலும் அப்படியே. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது, முதல் ஸ்பின் வகுப்பிலேயே அளவுக்கு மீறி மிதித்தவர்களுக்கு வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. காய்ச்சல் நாளில் மிதிக்கவே கூடாது. மூன்று வாரம் சுமையைக் குறைத்து, தூக்கத்தைச் சரிசெய்த பிறகும் கனமும் விழிப்பும் அப்படியே இருந்தால், அதற்குக் காரணம் பயிற்சி அல்லாமல் வேறாக இருக்கலாம். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். அதிகப் பயிற்சியால் வந்த அசதியைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது, மற்றவற்றை விலக்கித்தான் முடிவுக்கு வர முடியும்.

முதல் வாரத்தில் கடின நாளே வேண்டாம். நான்கு நாள் முற்றிலும் பைக்கைத் தொடாமல் இருங்கள், பிறகு மூன்று நாள் பேசிக்கொண்டே மிதியுங்கள், ஃபேனை நேராக நெஞ்சுக்கு வைத்து. எட்டாம் நாள் காலை, கட்டிலில் இருந்தபடியே நாடி பாருங்கள். படியேறும்போது தொடை எப்படி இருக்கிறது என்றும் கவனியுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அன்றைக்கு முதல் நான்கு நிமிடத்தைத் தொடங்கலாம். இல்லையென்றால் இன்னும் மூன்று நாள் லேசாகவே போகட்டும். அந்த எட்டாம் நாள் எண்ணையும் இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்து மேற்கொண்டு சொல்கிறேன்.